வெயிலில் கலங்கும் சோப்பு

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் நான் ஏதோ சோப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்றுதான் ரொம்ப நாள் பேச்சு. காரணம் என் அப்பா. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எதைச் சொன்னாலும் நாலு பிளாக்குக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "எம்மவ சோப்பு போட்டுல்லா கேன்சரப் பிடிக்கா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கேட்டவர்கள் மனதில் அந்தச் சோப்பு மட்டும்தான் தங்கியது. மறுநாளே எதிர் பிளாக் அம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, சாம்பிள் கட்டி இருந்தா ரெண்டு குடேன். எங்க ஊட்டுக்காரர் பேன்ட்ல கிரீஸ் போவவே மாட்டேங்குது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவள் நான். "எங்க சோப்பு துணிக்கு இல்ல ஆன்ட்டி" என்றேன் விறைப்பாக.

"அப்போ பாத்திரத்துக்கா?" என்று கேட்டார் அவர், மிகுந்த அக்கறையோடு.

உள்ளதைச் சொன்னால் அப்பா சொன்னதில் பொய் இல்லை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வில் சில புரதங்கள் பதிந்து கிடக்கும். கொழுப்பில் பதிந்ததை வெறும் தண்ணீரால் வெளியே எடுக்க முடியாது. எண்ணெய்ச் சட்டியைத் தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவிப் பாருங்கள், தெரியும். அதற்கு டிடர்ஜென்ட் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பயன்படுத்தியது கடைப் பவுடர் இல்லைதான். ஆனாலும் அது சோப்பின் ஜாதிதான். பூந்தமல்லியைத் தாண்டி, ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. பெண்களுக்கு வருகிற சினைப்பைப் புற்றுநோயின் செல்களிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை.

அந்த நோய் முற்றினால் வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூச்சு முட்டாமலிருக்க டாக்டர்கள் ஊசி வைத்து அந்த நீரை இறக்குவார்கள். அந்த நீரில் புற்றுநோய்ச் செல்கள் மிதக்கும். நோயாளியிடம் கேட்டு, அவர் சரியென்றால், நான் குடுவையோடு போய் வாங்கி வருவேன். செல்களைப் பிரித்து, புரதத்தை எடுத்து, ஜெல் என்கிற மெல்லிய பசைத் தகட்டில் ஓடவிட்டால் புரதங்கள் எடைவாரியாகக் கோடு கோடாக நிற்கும். அதில் ஒரு கோடு என் கண்ணில் பட்டது. நோயுள்ள பல பெண்களின் செல்களில் அழுத்தமாக இருந்தது, நல்ல திசுவில் காணவே காணோம். பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சிரிப்பை அடக்க ஒருவர் வந்தார். எங்கள் ஆய்வுகளைச் சோதிக்கும் குழுவின் பெரியவர், சிட்டியிலிருந்து காரில் வருகிறவர். என் ஜெல்லைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, வயித்துத் தண்ணியில ஊறிக் கெடந்த செல் இது. அந்தத் தண்ணி பூரா ரத்தப் புரதம். அதுல ஏதோ ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அதை நீ கேன்சர் புரதம்னு சொல்றே. செல்லோட சொந்தப் பொருள்தான், சவ்வுல பதிஞ்சதுதான்னு உன்னால காட்ட முடியுமா?"

"காட்டலாம் சார்."

"அடுத்த ரிவ்யூவுக்குள்ள காட்டு. இல்லேன்னா இந்தத் தலைப்பை மூடிடலாம். உன் காலமும் வீணாக வேண்டாம்."

என் காலத்தின் மேல் அவருக்கு என்ன கரிசனம்! தலைப்பை மூடினால் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் நான் வீட்டில். வீட்டிலோ அம்மா ஜாதகத்தை மஞ்சள் தடவித் தயாராக வைத்திருந்தாள். அவர் கார் வெளியே போனதும் பின்பக்கக் குழாயடிக்குப் போய் ஆத்திரம் தீர அழுதேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் இன்னும் அதிகமாக எரிந்தது.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் அதிகம் பேசாதவர். வெளிநாட்டில் இருந்த தன் சிநேகிதியிடம் சொல்லி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு சின்னப் பாட்டிலை வரவழைத்தார். உள்ளே தேன் மாதிரி கெட்டியான ஒரு திரவம். புதுவகை டிடர்ஜென்ட். அதன் குணத்தை மேடம் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. ஐஸில் வைத்தால் தண்ணீரில் கரைந்து கண்ணாடியாகத் தெளிந்திருக்குமாம். சற்றே சூடேறினால் அரிசி களைந்த நீர்போலக் கலங்கி, இரண்டாகப் பிரியுமாம். மேலே தண்ணீர், அடியில் எண்ணெய்போலச் சோப்பு. சவ்வில் பதிந்திருந்த புரதம் சோப்போடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். ரத்தத்திலிருந்து வந்து ஒட்டியதெல்லாம் மேலே தண்ணீரிலேயே தங்கிவிடும்.

பெரியவரின் கேள்விக்கு அந்தச் சோப்பே பதில் சொல்லிவிடும் என்று அர்த்தம். என் கோடு மேலே நின்றால் அவர் சொன்னது சரி. கீழே இறங்கினால் நான் சொன்னது சரி. நடுவில் பேச இடமே இல்லை.

ஆனால் பாட்டிலில் வந்ததை அப்படியே எடுத்துப் போட முடியாது. முதலில் அதைச் சுத்தம் செய்யவேண்டும். குளிரில் கரைத்து, சூட்டில் கலங்கவிட்டு, நன்றாகப் பிரிந்ததும் மேல் தண்ணீரை எடுத்துவிட்டு, அடிச் சோப்பை வைத்துக்கொள்ளவேண்டும். மறுபடி குளிர், மறுபடி சூடு. இப்படிச் சில சுற்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தச் சூட்டைக் கொடுக்க மின்சாரப் பெட்டி ஒன்று வேண்டுமாம், முப்பது டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்திருக்க. நமக்கு எதற்குப் பெட்டி? சித்திரை மாதம். மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக நம்ம ஊர் வெயிலை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தின் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: 'கலங்கினால் கொட்டு'. நம் வெக்கையில் எந்தக் கரைசலையும் வெளியே வைத்து மறந்தால் பூஞ்சை பிடித்துவிடும். தெளிவாக இருந்தது மங்கலாகும். அதைத் தெரியாமல் பயன்படுத்தி ஒருவருடைய மொத்த வேலையும் பாழாய்ப் போயிருக்கிறது, நான் சேர்வதற்கு முன்பு. அதிலிருந்து அந்தச் சட்டம். யாருடையது, எதற்கு என்ற கேள்வியே கிடையாது. கலங்கலாகக் கண்டால் கொட்டிவிட்டுக் கழுவி வைப்பதுதான் அங்கே ஒருவருக்கொருவர் செய்கிற உபகாரம்.

அந்த உபகாரத்தில் முதல் ஆள் எங்கள் சீனியர். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூர்க்காரர். அவர் தாத்தாவுக்கு வயல்வேலை, அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபேக்டரி வேலை, இவர் ஆய்வு மாணவர். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பார். கண்ணாடிப் பாத்திரம் பளபளவென்று இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

சோப்புக் கரைசலை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலை நான் உள்ளே வந்தபோது மேசை காலியாக இருந்தது. என் குடுவை தாங்கியில் தலைகீழாக, வைரம் மாதிரி மின்னிக்கொண்டு கவிழ்ந்திருந்தது.

"அண்ணே, இதுல இருந்தது எங்கே?"

"கலங்கிப் பூடுச்சும்மா. ஃபங்கஸு. நீ வந்து பாத்தா பேஜாரா ஆயிடுவேன்னு நானே கொட்டிட்டு நல்லா தேய்ச்சிக் கழுவி வச்சிட்டேன்" என்றார் அவர், நன்றியை எதிர்பார்த்து.

நான் போட்ட கூச்சல் மாடிக்குக் கேட்டிருக்கும். "லேபிள் ஒட்டியிருந்தேனே! பாக்கலையா? கண்ணு எங்கே போச்சு? கலங்கறதுதான் அதோட வேலை! கலங்கணும்னுதான் வச்சேன்!"

"கலங்கணும்னு வச்சியா?" அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். "யாருனா கலங்கணும்னு வெப்பாங்களா? போர்டுல இன்னா போட்டு கீது?"

போர்டில் போட்டிருந்தது. அதுதான் கொடுமை. சட்டப்படி அவர் செய்தது முழுக்கச் சரி. குளிர்ந்த ஊரில், வேறு ஆய்வுக்கூடத்தில், யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள். கலங்கினதையெல்லாம் பூஞ்சை என்று பயப்படுகிற எங்கள் ஊர் ஆட்கள்தான் செய்வோம். விஷயம் புரிந்ததும் அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை. சொல்கிற மனநிலையில் நான் இல்லை, அவ்வளவுதான்.

மேடம் வந்தார். கேட்டுக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது.

"ஒரு முறைக்கு வரும்" என்றார். "அடுத்த பாட்டில் வர்றதுக்குள்ள ரிவ்யூ முடிஞ்சிடும். இந்த ஒரு முறைதான் உனக்கு."

பிறகு தொட்டிக்கு மேலிருந்த பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மிச்சச் சோப்பைச் சுத்தம் செய்த நாட்களில் அந்தக் குடுவைக்கு அண்ணன்தான் காவல். பெருக்குகிறவரைக்கூட மேசைப் பக்கம் விடவில்லை. "தொடாத நைனா, அது கலங்கினாதான் நல்லது" என்று அவர் எல்லோருக்கும் பாடம் நடத்தியதைக் கேட்டுச் சிரிப்பதா, எரிச்சல்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சோப்பு தயார். செல்லுக்கு நான் போய் நின்றது கரையான்சாவடி அக்காவிடம். கடைத்தெருவில் கீரை விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை அவரிடம் வயிற்று நீர் வாங்கியிருந்தேன். என் கோடு அவர் செல்லில்தான் எல்லோரையும்விட அழுத்தமாக இருந்தது. மறுபடியும் நீர் கோத்து வார்டுக்கு வந்திருந்தார். இந்தத் தடவை இறக்கிவிட்டு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. அதற்குப் பிறகு நீர் கிடைக்காது. எனக்கு இருந்தது ஒரு முறைக்கான சோப்பு, அவரிடமிருந்து கிடைக்கப்போவது ஒரு முறைக்கான நீர்.

டாக்டர் ஊசியைப் பொருத்த, குழாயில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா கழுத்தை வளைத்து என் குடுவையைப் பார்த்தார்.

"இன்னாமே இது, வந்துகினே கீது! செம்பரம்பாக்கம் ஏரிய என் வவுத்துல கட்டி வுட்டாங்களா?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அசையாதீங்கம்மா" என்றார்.

"அக்கா, இதுல கொஞ்சம் நான் எடுத்துக்கட்டுமா? போன தடவை மாதிரியே, பரிசோதனைக்கு. உங்க சிகிச்சைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடலாம்."

"போன தபா எட்த்துகினு போனியே, அதுல இன்னா கண்டே?"

ஒரு புரதத்தைப் பார்த்ததையும், அது ரத்தத்துடையதா, நோய் பிடித்த செல்லின் சொந்தமா என்று பெரியவர் கேட்டதையும் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சோப்பு போட்டுப் பிரித்தால் அது தெரிந்துவிடும் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ இன்னா சொல்றே? யார்துன்றே?"

"செல்லோட சொந்தம்ன்றேன்."

"அப்ப எட்த்துக்கோ. வவுத்துல வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? ஆனா இன்னா கீதுன்னு எனக்கு வந்து சொல்லணும். சொல்லாம கொள்ளாம போய்ட்டே, ஆமா, நான் கத்துவேன்."

"கட்டாயம் சொல்றேன்க்கா" என்றேன்.

இனி ஐஸ். செல்லைச் சோப்பில் கரைக்கிறபோது எல்லாம் ஐஸில் இருக்கவேண்டும். சூடேறிவிட்டால் நேரத்துக்கு முன்பே கலங்கி எல்லாம் குழம்பிவிடும். ஆய்வுக்கூட ஃபிரிட்ஜோ கோடையில் குச்சி ஐஸைக்கூட உறையவைக்காது. வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ஐஸு தான? நான் கொண்டாரேன்" என்றார் அப்பா.

"உங்களுக்கு ஷிஃப்ட் இருக்கே."

"லீவு போட்டுட்டாப் போச்சு. ஏட்டி, ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஐஸு கிடைக்காமப் போயிருச்சுன்னா எனக்குல்லா கேவலம்."

அம்பத்தூர் ஐஸ் ஃபேக்டரியில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மறுநாள் காலையில் அங்கே போய் ஒரு பெரிய பாளத்தை வாங்கி, மரத்தூள் போட்டு, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார். சாக்கு ஒழுக ஆரம்பித்ததும் கண்டக்டர் பிடித்துக்கொண்டாராம்.

"இன்னா பெர்சு, மீன் கூடையா? எறங்கு எறங்கு."

"மீனு இல்லவே. கேன்சர் ஆராய்ச்சிக்கு ஐஸு. எம்மவ பண்ணுதா."

"யாரு, உம் பொண்ணா?"

"பின்ன? உம்ம பொண்ணா?"

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டே போடவில்லையாம். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டு சாக்கை நிழலில் வைக்க இடம் கொடுத்தாராம். வேட்டி முழங்கால்வரை நனைந்து, தோளில் சாக்கோடு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "கரையதுக்குள்ள வேலையப் பாரு, என்ன பாத்துக்கிட்டு நிக்க" என்று விரட்டினார். அண்ணன் ஓடிப்போய்ச் சாக்கை இறக்கினார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அப்பா வேலை முடிகிறவரை நகரவில்லை.

ஐஸை உடைத்துத் தொட்டியில் கொட்டினோம். கழுவிச் சுத்தம் செய்த செல்களின்மேல் குளிர்ந்த சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை வரும், நுரையில் புரதம் கெட்டுப்போகும். துணி துவைக்கிறவர்களுக்கு நுரைதான் சந்தோஷம், எங்களுக்கு அதுதான் எமன். உருட்டி உருட்டிக் கரைத்தேன். கரையாத கழிவைக் குளிரிலேயே சுழலியில் போட்டு இறக்கினோம். சுழலி என்றால் குழாய்களை வேகமாகச் சுற்றி, கனமானதை அடியில் தள்ளுகிற இயந்திரம். அது நின்றதும் எடுத்துப் பார்த்தால் மேல் நீர் அப்படியே தெளிந்திருந்தது.

அடுத்தது சூடு. குழாயை ஐஸிலிருந்து எடுத்து மேசையில் நிறுத்தினேன். மேடமும் அண்ணனும் நானும் சுற்றி நின்று பார்த்தோம். கண் முன்னாலேயே மங்கியது. பால் மாதிரி ஆகிவிட்டது. "கலங்குதும்மா, கலங்குது!" என்று அண்ணன் குழந்தைபோலக் கத்தினார். கலங்கலைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது ஜென்மத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இனிச் சுழலியில் ஒரு சுற்று விட்டால் சோப்பு அடியில் இறங்கிவிடும். குழாயை உள்ளே வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். மேலே ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது.

எவ்வளவு நேரம் இப்படியே வைத்திருக்கலாம்? தெரியாது. வெயிலில் புரதம் கெட்டுவிட்டால்? திரும்ப ஐஸில் வைத்தால் மறுபடி தெளியும்தான், ஆனால் எடுத்து எடுத்து வைத்தால் என்ன ஆகும்? யாரைக் கேட்பது? மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். அண்ணனைக் காணோம். வராந்தாவில் தடதடவென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஆஸ்பத்திரியின் மூத்திரப் பரிசோதனை அறையிலிருந்து ஒரு பழைய கைச்சுழலி இருந்தது. மேசை விளிம்பில் திருகி மாட்டி, கைப்பிடியைப் பிடித்து ராட்டினம்போலச் சுற்றுகிற சாதனம். "வேகம் ரொம்ப வேணாம்னு தானேம்மா சொன்னே? இது போதாது?" என்றார் மூச்சு வாங்க.

போதும்! அந்தக் கட்டத்துக்கு மெதுவான சுற்றுதான் தேவை. பதற்றத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கைச்சுழலியை நன்றாகக் கழுவி மாட்டினோம். அண்ணன் சுற்ற ஆரம்பித்தார். ஒரே சீராக, உதட்டைக் கடித்துக்கொண்டு, வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்டச் சுற்றினார். நான் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்சம் சுற்றினார்.

குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே தெளிந்த நீர். அடியில் கண்ணீர்த் துளியளவு எண்ணெய். அவ்வளவுதான். அந்தத் துளிக்குள்தான் எனக்குத் தெரியவேண்டியது இருந்தது. மேல் நீரைத் தனியாக எடுத்தேன், துளியைத் தனியாக எடுத்தேன். கரண்ட் வந்ததும் இரண்டையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன்.

ஜெல்லைச் சாயத்தில் ஊறவைத்தால் முதலில் தகடு முழுக்க நீலமாகிவிடும், ஒன்றுமே தெரியாது. பிறகு சாயம் போக்குகிற கரைசலில் போட்டு அலசிக்கொண்டே இருக்கவேண்டும். மறுநாள் காலையில் தட்டைச் சுற்றி நின்றோம். நீலம் மெல்ல விலகியது. மேல் நீர் ஓடிய தடத்தில் ரத்தப் புரதத்தின் பெரிய திட்டு முதலில் தெரிந்தது. என் கோடு இருக்கவேண்டிய உயரத்தில் அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்துத் தடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சத்தியமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏய்!" அண்ணனின் குரல். "கீய கீதும்மா! கீயதான் கீது! சோப்புல எறங்கி கீது பாரு!"

பார்த்தேன். துளியின் தடத்தில், சுற்றிலும் சுத்தமாக, ஒற்றைக் கோடு. மை வைத்து இழுத்த மாதிரி கருநீலமாக. நான் கத்தினேனா, அழுதேனா என்று நினைவில்லை. மேடம் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "குலுக்கக் கூடாது, நுரை வந்துடும்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிக் கேலி பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ரிவ்யூ நாளில் பெரியவர் ஜெல்லை வெளிச்சப் பெட்டிமேல் வைத்து, பூதக்கண்ணாடியால் ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு தடங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பது டிகிரி வேணுமே இதுக்கு. உங்ககிட்ட அந்தப் பெட்டி கிடையாதே. எதுல வச்சே?"

"பூந்தமல்லியில வச்சேன் சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை மத்த நோயாளிகள்லயும் செய்யணும், புதுப் பாட்டில் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, "ஒட்டிக்கிட்டதுன்னு நான் சொன்னது தப்பும்மா. இது செல்லோட சொந்தம்தான். தொடர்ந்து பண்ணு" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் அவர் குரலிலேயே கேட்க முடியும். நான் தலை நிமிர்ந்து நின்றேன். நிமிர்ந்தால் என்ன? என் உழைப்பு. வீட்டில் அம்மா ஜாதகத்தைப் பீரோவுக்குள் வைத்தாள். அப்பாவோ, ஐஸ் இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சியே இல்லை என்று ரேஷன் கடையில் புதுக்கதை ஆரம்பித்தார்.

நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஜெல்லைப் படம் எடுத்து, ஆஸ்பத்திரி இருட்டறையில் பிரின்ட் போட்டோம். நல்ல தாள் ஒன்றுதான் இருந்தது. அதில் கோடு கண்ணைப் பறித்தது. அடுத்தது பழைய தாளில், கொஞ்சம் மங்கலாக வந்தது. நல்லதை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன்.

ஆபரேஷன் முடிந்து அக்கா படுத்திருந்தார். வயிறு வற்றி, முகம் ஒடுங்கி, பாதி ஆளாகியிருந்தார். உள்ளே எல்லா இடத்திலும் பரவியிருந்ததால் முழுதாக எடுக்கமுடியவில்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அக்காவுக்கும் தெரிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இன்னாமே, யார்து? ரத்தத்துதா, அதோட சொந்தமா?"

வேறெதையும் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டார்.

"சொந்தம்க்கா. நான் சொன்னதுதான் சரின்னு பெரியவரே ஒத்துக்கிட்டார்." படத்தை அவர் கையில் வைத்து, கோட்டைக் காட்டினேன். "இது உங்களோடது."

"இத்தினியூண்டு கோடா? இதுக்கா இம்மாம் தண்ணி?" என்றார். ஆனால் கண் அதைவிட்டு எடுக்கவில்லை. விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் படத்தை நீட்டி, "பாத்தியா? என் வவுத்துல ஒளிஞ்சிகினு இருந்துச்சாம். இந்தப் பொண்ணு சோப்பு போட்டு வெளிய இஸ்துச்சு. பெரிய டாக்டரே ஒத்துகினாராம்" என்றார். அந்த முகத்தில் இருந்தது பெருமை. என் பெருமையைவிட ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப இத்த புடிக்க மருந்து வருமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வரலாம்க்கா. ஆனா ரொம்ப வருஷம் ஆகும். உங்களுக்கு..."

"அட, எனக்குக் கேக்கலமே. எனக்கு ரெண்டு பொண்ணு கீது. அதுங்களுக்குத்தான் கேட்டேன்" என்றார். "நீ பண்ணு. வுட்றாத."

படத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நினைத்தேன். தீசிஸில் ஒட்ட நல்ல பிரின்ட் அது ஒன்றுதான். அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்கவில்லை. என் தீசிஸைப் புரட்டியவர்கள், "முக்கியமான படமே இவ்வளவு மங்கலா இருக்கே, நல்ல பிரின்ட் கிடைக்கலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். கிடைத்தது, நல்லது கரையான்சாவடியில் இருக்கிறது, அக்காவின் பெண்களிடம்.